எல்லைச் சாவடியும் எச்சில் சோதனையும்

எச்சில் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் நாம். எச்சில் இலை, எச்சில் கை, எச்சில் பண்டம் என்று நமக்கு எத்தனை விலக்குகள்! டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கக் கற்றுக்கொடுத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தோம். அப்படிப்பட்ட எச்சிலைப் பற்றி ஒரு சங்க மலரில், இலக்கியமும் வரலாறும் பேசும் கட்டுரைகளுக்கு நடுவில், எழுதலாமா என்று எனக்கே தயக்கமாகத்தான் இருந்தது. மலர்க் குழு நண்பர்தான், "நீங்க லேப்ல இருந்தவரு. நமக்குத் தெரிஞ்ச சங்கதிய நாமதானே எழுதி வைக்கணும்" என்று தைரியம் கொடுத்தார்.

நான் பிறந்தது மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளிகள். படித்து முடித்துப் பாலக்காட்டில் ஆய்வுக்கூட டெக்னீஷியனாக முப்பது ஆண்டுக்காலம் வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற பிறகு தம்பி குடும்பத்துக்குப் பக்கத்திலேயே இருப்போம் என்று மறுபடியும் மலையேறிவிட்டேன். ஆக, கேரளத்தின் இரண்டு தமிழ் எல்லைகளும், வாளையாறும் போடிமெட்டும், எனக்கு நன்றாகத் தெரிந்தவை.

2021 ஆகஸ்டில் போடிநாயக்கனூரில் எங்கள் அத்தை காலமானார். அப்பாவின் கூடப்பிறந்தவர். அவருக்குப் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுபோக வேண்டியவர்கள் நானும் தம்பியும். எங்களால் போக முடியவில்லை. நோய் எங்களைத் தடுக்கவில்லை. நோய் இல்லை என்று சொல்லும் ஒரு காகிதம் நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் காகிதத்தின் வரலாற்றைத் தேடிப் போனபோதுதான் எச்சிலின் வரலாறு கிடைத்தது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கோடு போட்ட கதை

இந்த எல்லை எப்போது வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 வரைக்கும் பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. மொழிவழி மாநிலம் பிரித்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழர்கள் போராடியும் அவை கேரளத்தோடு நின்றன. 1972 ஜனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அந்த இரண்டு தாலுகாக்களும் அதில் சேர்ந்தன.

கோடு காகிதத்தில் விழுந்ததே ஒழிய வாழ்க்கையில் விழவில்லை. பாலக்காட்டுக்காரருக்கு வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று எத்தனையோ வழி. கொழிஞ்சாம்பாறைக்காரர் கோயம்புத்தூருக்குத் துணி எடுக்கப் போவார். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்டுவார். இடுக்கிக்காரருக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு. ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தேனிப் பக்கத்திலிருந்து காலையில் ஜீப்பில் ஏறிவந்து பொழுது சாய இறங்குபவர்கள் ஏராளம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் மலைக்கு மேலும் கீழுமாகத்தான். சாவடி என்றால் எங்களுக்கு லாரிக்காரர்கள் நிற்கும் இடம். பஸ்ஸில் போகிறவர்கள் அங்கே தூக்கத்திலிருந்து கண் விழிக்கக்கூட மாட்டார்கள்.

உடம்பைச் சோதித்து ஆளை விடும் பழக்கம் தமிழனுக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பம்பாயில் பிளேக் பரவியபோது, சென்னை மாகாணத்தில் ரயில் பயணிகளைச் சோதித்துப் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துத் தனிமைப்படுத்தித்தான் கப்பலேற்றினார்கள். தோட்டத்துக்கு ஆள் போகும் வழியில் எல்லாம் ஒரு வைத்தியச் சோதனை குறுக்கே நின்றிருக்கிறது. 2020-இல் அது எங்கள் மலைக்கும் வந்தது. அன்று நாக்கையும் கழுத்தையும் பார்த்தார்கள்; இப்போது மூக்குக்குள் குச்சியை விட்டார்கள்.

கொப்பளித்துத் துப்பியதில் கிடைத்த கிருமி

மூச்சுவழி நோய்க்கு மாதிரி எடுப்பது என்றால் மூக்கில் குச்சி விடுவதுதான் என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். வரலாறு அப்படி இல்லை. தொடக்கமே துப்பியதில்தான்.

1918-இல் விஷக்காய்ச்சல் உலகத்தைச் சுற்றியபோது இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தனை சாவுக்கும் காரணமான கிருமி எது என்று அன்று யாருக்கும் தெரியாது. பைஃபர் என்ற ஜெர்மானியர் 1892-இல் கண்ட ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். அது தவறு.

விடை 1933-இல் லண்டனில் கிடைத்தது. தேசிய மருத்துவ ஆய்வு நிலையத்தில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா என்ற மூவர். காய்ச்சல் கண்டவர்களைத் தொண்டை கொப்பளிக்கச் சொல்லி, அந்த நீரை வாங்கி, பாக்டீரியா தாண்ட முடியாத மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார்கள். வடித்த நீரை ஃபெரட் என்ற கீரி போன்ற ஒரு பிராணியின் மூக்கில் சொட்டு விட்டார்கள். இரண்டு நாளில் அதற்குக் காய்ச்சல், மூக்கொழுகல், தும்மல்! பாக்டீரியா நீங்கிய நீரிலும் நோய் இருந்ததால், காரணம் வைரஸ்தான் என்பது உறுதியாயிற்று. அந்த ஆண்டு கிடைத்த கிருமி வகை ஒன்றுக்கு 'டபிள்யூ.எஸ்.' என்று பெயர். வில்சன் ஸ்மித்தின் பெயரெழுத்துகள்தான். அவருடைய தொண்டை கொப்பளித்த நீரிலிருந்தே அது எடுக்கப்பட்டது. இன்றும் உலக ஆய்வுக்கூடங்களில் அந்த வகை உண்டு.

இந்தக் கதைக்கு நம் பக்கத்திலும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து பார்த்தால் வடக்கே தெரியும் நீலகிரியில், குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம். வெறிநாய்க்கடிக்கு ஊசி தயாரித்த இடம் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். 1950-களில் அங்கே இந்திய அரசின் இன்புளுயன்சா மையமும் இயங்கியது. 1957 மே மாதம் 'ஆசியக் காய்ச்சல்' சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாகச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. சில வாரங்களில் நாடு முழுக்கப் பரவியது. அரசுக் கணக்கில் பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். அந்தத் தொற்றின் கிருமியை ஆராய்ந்ததும், இந்தியாவில் அது பரவிய விதத்தை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதி வைத்ததும் குன்னூர்க்காரர்கள்தான்.

அந்தக் காலத்து முறை எளிமையானது. நோயாளி உப்புநீரால் தொண்டையைக் கொப்பளித்துக் கிண்ணத்தில் துப்புவார். அதைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புவார்கள். ஆய்வுக்கூடத்தில் கருவுற்ற கோழிமுட்டைக்குள் செலுத்தி, கிருமி பெருகுகிறதா என்று பார்ப்பார்கள். முடிவு தெரிய நாள் கணக்காகும். ஆனால் மாதிரி கொடுப்பதில் நோயாளிக்கு ஒரு வலியும் கிடையாது. பல் தேய்த்து வாய் கொப்பளிக்கத் தெரிந்த யாரும் கொடுக்கலாம்.

குச்சி வந்த கதை

பிறகு ஏன் குச்சி வந்தது? கிருமியை வளர்த்துப் பார்க்கும் காலம் போய், கிருமியின் மரபுப்பொருளைத் தேடிப் பார்க்கும் காலம் வந்தது. 1983-இல் அமெரிக்கர் காரி முல்லிஸ் பி.சி.ஆர். முறையைக் கண்டுபிடித்தார்; 1993-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு துளியில் இருக்கும் மரபுத் துணுக்கைக் கோடிக்கணக்கில் பிரதி எடுத்துக் காட்டும் முறை அது. ஃப்ளூ போன்ற நோய்களில் மூக்கின் பின்புறத்தில், தொண்டையோடு சேரும் இடத்தில், கிருமி நிறைய இருக்கும். எச்சிலில் உணவுத் துகள், நொதிகள், வாயில் வாழும் பாக்டீரியாக்கள் எல்லாம் கலந்திருக்கும். கொழகொழவென்றும் இருப்பதால் குழாயில் அளந்து எடுப்பது கஷ்டம். குச்சியில் வருவது ஓரளவு சுத்தமான மாதிரி. ஆய்வுக்கூடத்துக்குக் குச்சி வசதி. நானும் ஆய்வுக்கூடக்காரன் என்பதால் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஆய்வுக்கூடத்தின் வசதி வேறு, மாதிரி கொடுப்பவரின் வசதி வேறு. குச்சி எடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அவருக்குத் தலை முதல் கால்வரை பாதுகாப்பு உடை வேண்டும். எடுத்த குச்சியை வி.டி.எம். என்ற திரவத்தில் போட்டு, மூன்று உறை போட்டு, குளிர்பெட்டியில் வைத்து மலையிறக்க வேண்டும். தொடக்கத்தில் இடுக்கி மாவட்டத்து மாதிரிகள் மாவட்டத்துக்கு வெளியேதான் போயின. எங்கள் மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்தில் எத்தனை மண்சரிவு என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தோட்டத்து ஜனங்களுக்குத் துப்பிக் கொடுப்பது பழக்கமான காரியம். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் கண்டறிந்த நாள் முதல் அந்த நோய்க்குச் சளிதான் சோதனை. நான் வேலை பார்த்த காலத்தில், "காலைல எழுந்ததும் வெறும் வயித்துல, நல்லா இருமி, ஆழத்துல இருந்து காறித் துப்பி இந்த டப்பாவுல கொண்டாங்க" என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்! மறுநாள் காலையில் டப்பாவைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கூச்சம் இருந்திருக்கும். ஆனால் ஒருவர்கூடப் பயந்து ஓடியதில்லை.

2020

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30-இல் கேரளத்தில்தான் உறுதியானார். வூஹானிலிருந்து திருச்சூருக்குத் திரும்பிய மாணவி. மார்ச் மாதத்தில் மூணாறின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. அங்கே தங்கியிருந்த பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணி ஒருவர், சோதனை முடிவு தெரியுமுன் தம் குழுவோடு புறப்பட்டு, மார்ச் 15-இல் நெடும்பாசேரி விமான நிலையத்தில் விமானத்திலிருந்து இறக்கப்பட்டார். அவர் பின்னர் குணமாகி ஊர் திரும்பினார். அந்த நாளோடு எங்கள் மூணாறு வெறிச்சோடியது.

பிறகு ஊரடங்கு. எல்லைகள் அடைபட்டன. வெளிமாநிலங்களில் மாட்டிக்கொண்ட கேரளக்காரர்கள் மே 4 முதல் ஆறு சாவடிகள் வழியாக வரலாம் என்று அரசு அறிவித்தது. அவற்றில் பாலக்காட்டுக்கு வாளையாறு, இடுக்கிக்குக் குமுளி. இணையதளத்தில் பதிந்து பாஸ் வாங்கியவர்களுக்கு மட்டுமே அனுமதி. மே 9 வாக்கில் வாளையாற்றில் பாஸ் இல்லாத நூற்றுக்கணக்கானோர் வெயிலில் நின்று தவித்ததைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. அன்று அங்கே நின்றவர்களில் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும், சாவடிக்கு வந்த மக்கள் பிரதிநிதிகள், செய்தியாளர்கள், காவலர்கள் எல்லாரும் தனிமையில் இருக்கும்படி ஆயிற்று.

சோதனைக் கூடாரங்கள் தோட்டத்துக்கும் வந்தன. 'மூக்குல குச்சிய விட்டு மூளையத் தொடுறாங்களாம்' என்று லயத்தில் பேச்சுக் கிளம்பியது. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி என்னிடமே கேட்டாள், "ஏண்ணே, நீங்க லேப்ல இருந்தவருதானே? மூக்குல ரத்தம் வருமாமே, கண்ணு போயிருமாமே?" என்று. அப்படியெல்லாம் ஆகாது என்று சொன்னேன். சோதனை நாளில் அவள் கொழுந்து பறிக்கப் போகிறேன் என்று காட்டுக்குள் போய்விட்டாள். அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நோய் இருப்பதாகத் தெரிந்தால் லயத்தையே அடைப்பார்கள், பல நாள் கூலி போகும். அந்தக் கவலையோடு குச்சியின் பயமும் சேர்ந்துகொண்டது.

உமிழ்நீர் திரும்பி வந்தது

இதே நேரத்தில் உலகத்தின் வேறு இடங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். படித்ததும் மனசுக்குக் கொஞ்சம் வேதனையாகத்தான் இருந்தது.

2020 பிப்ரவரியிலேயே ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 நோயாளிகளின் எச்சிலைச் சோதித்து, 11 பேரிடம் கிருமி இருப்பதைக் காட்டிவிட்டார்கள். ஏப்ரலில் ஹாங்காங் விமான நிலையத்தில் வந்திறங்கியவர்களிடம் ஒரு டப்பாவைக் கொடுத்து, 'ஆழ்தொண்டை எச்சில்' வாங்கத் தொடங்கிவிட்டார்கள். நான் காசநோய்க்குச் சொன்ன அதே 'காறித் துப்பு'தான்!

ஏப்ரலில் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் எச்சில் சோதனைக்கு அவசரகால அனுமதி கிடைத்தது. ஆகஸ்டு 15-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆன் வைலி குழுவினர் உருவாக்கிய 'சலைவா டைரக்ட்' முறைக்கு அனுமதி வந்தது. விசேஷக் குழாயோ திரவமோ தேவையில்லாத முறை அது. அதே குழு மருத்துவமனையில் இருந்த 70 நோயாளிகளிடம் எச்சிலும் மூக்குக் குச்சியும் எடுத்து ஒப்பிட்டது. நோய் உறுதியான முதல் ஐந்து நாட்களில் எச்சிலில் 81 சதவீதமும் குச்சியில் 71 சதவீதமும் கிருமியைக் காட்டின. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு வாரம் இரண்டு முறை எச்சில் சோதனை செய்து வகுப்பு நடத்தியது.

ஜப்பான் 2020 ஜூலை முதல் விமான நிலையங்களில் எச்சிலையே ஏற்றுக்கொண்டது. அங்கே துப்பும் கூண்டுகளில் எலுமிச்சம்பழப் படமும், உப்பில் ஊறிய புளிப்புக் காயின் படமும் ஒட்டியிருந்தார்களாம். பார்த்ததும் வாயூறட்டும் என்று! நம் ஊரில் செய்திருந்தால் மாங்காய் ஊறுகாய்ப் படம் ஒட்டியிருப்போம்.

எல்லா ஆய்வும் எச்சிலுக்குச் சாதகம் என்று சொல்லமாட்டேன். மெல்போர்னில் 622 பேரைச் சோதித்ததில், குச்சியில் தொற்று தெரிந்த 39 பேரில் 33 பேருக்குத்தான் எச்சிலிலும் தெரிந்தது. ஆறு பேர் தப்பிவிட்டார்கள். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, பல் தேய்த்த கையோடு துப்பினால் மாதிரி கெடும்; அரை மணி நேரம் வாயில் ஒன்றும் படாமல் இருக்க வேண்டும். வெற்றிலை பாக்கும் புகையிலையும் வாயை விட்டுப் போகாத எங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடம் அதைச் சொல்லி நிறைவேற்றுவதும் லேசான காரியமல்ல.

இந்தியாவிலும் வேலை நடந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2020-இல் 50 நோயாளிகளிடம் குச்சி மாதிரியும் வாய் கொப்பளித்த நீரும் எடுத்துப் பார்த்தார்கள். கொப்பளித்த நீர் குச்சிக்கு இணையாக இருந்தது. குச்சி எடுத்தபோது கணிசமான தொல்லை பட்டதாக 72 சதவீதம் பேர் சொன்னார்கள். கொப்பளித்தபோது லேசான தொல்லை என்று சொன்னவர்களே 24 சதவீதம்தான். அடுத்து நாகபுரியில் இருக்கும் நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிலையம். 5 மில்லி உப்புநீரை வாயில் ஊற்றி, 15 விநாடி கொப்பளித்து, 15 விநாடி தொண்டையில் களகளவென்று உருட்டி, அதே குழாயில் துப்பிவிட வேண்டியது. ஆய்வுக்கூடத்தில் மரபுப்பொருளைத் தனியே பிரிக்கும் செலவு பிடித்த படி கிடையாது. 98 டிகிரியில் ஆறு நிமிடம் சூடாக்கினால் போதும். மூன்று மணி நேரத்தில் முடிவு. கிராமங்களுக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கும் ஏற்றது என்று சொல்லி உருவாக்கிய இந்த முறைக்கு 2021 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒப்புதல் கொடுத்தது.

1933-இல் லண்டனில் ஃபெரட்டின் மூக்கில் விட்ட அதே கொப்பளித்த நீர், 88 ஆண்டு கழித்து நாகபுரி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது! இதைப் படித்தபோது, வேலையில் இருந்த என் பழைய நண்பர்களுக்கு போன் போட்டுச் சொன்னேன். "கேட்க நல்லாத்தான் இருக்கு. எங்களுக்கு வந்தது குச்சியும் வி.டி.எம்.மும்தான்" என்றார்கள். நான் அறிந்தவரை, எங்கள் மலையில் ஒரு தோட்டத்திலும் யாரையும் கொப்பளிக்கச் சொல்லி நான் பார்க்கவில்லை.

கோடித் துணி

2021 ஆகஸ்டுக்கு வருகிறேன். அப்போது நாட்டின் அன்றாடத் தொற்றில் ஏறக்குறையப் பாதி கேரளத்தில் பதிவாகிக்கொண்டிருந்தது. ஆகவே ஆகஸ்டு 5 முதல் கேரளத்திலிருந்து வருபவர்கள், இரண்டு ஊசி போட்ட சான்றோ, 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சான்றோ காட்ட வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. அன்றைய நிலையில் அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். நோயைத் தடுக்க வேண்டியது அரசின் கடமை.

எங்கள் நிலைமையைப் பாருங்கள். எனக்கு ஏப்ரலில் முதல் ஊசி போட்டு, மே மாதக் கடைசியில் நோயே வந்துவிட்டது. நோய் வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த ஊசி என்பது விதி. தம்பிக்கு ஜூனில் முதல் ஊசி. 84 நாள் ஆகாமல் இரண்டாவது கிடையாது. இருவர் கையிலும் அரைச் சான்றுதான்.

அத்தை போன செய்தி விடியற்காலையில் வந்தது. தம்பி வந்து வாசலில் நின்றான். "அண்ணே, அத்தைக்குக் கோடி யாரு போடுறது? அப்பா இருந்தா நடந்தாவது போயிருப்பாரு" என்றான். டவுனுக்கு ஜீப் பிடித்துப் போய், ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் இருவரும் குச்சி கொடுத்தோம். ஆளுக்கு 500 ரூபாய். முன்பு 1,700-ஆக இருந்ததை ஏப்ரல் கடைசியில் அரசு 500-ஆகக் குறைத்திருந்தது. 500 என்பது சின்னத் தொகை என்று நினைத்துவிடாதீர்கள். 2015-இல் மூணாறுப் பெண்கள் 'பெண்கள் ஒற்றுமை' என்று திரண்டு தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் நாள் கூலி 232-இலிருந்து 301 ஆயிற்று. அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருந்தாலும், அன்றும் ஒரு சோதனைக் கட்டணம் ஒரு நாள் கூலிக்கு மேல்தான். இதில் ஜீப் வாடகை தனி.

"சாயங்காலத்துக்குள்ள மெசேஜ் வந்துரும்" என்றார்கள். மாதிரிகள் அங்கே சோதிக்கப்படவில்லை. பெட்டியில் வைத்து மலைக்குக் கீழே அனுப்பினார்கள். அன்று நல்ல மழை. சாயங்காலம் வரவில்லை. போடியில் எங்களுக்காக மறுநாள் நண்பகல் வரைக்கும் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் முடியாது என்று அத்தை மகன் போன் செய்து அழுதான். பிறந்த வீட்டுக் கோடிக்குப் பதிலாக அவர்களே ஒரு சேலை எடுத்துப் போட்டார்கள். தம்பி செல்போனில் அதைப் பார்த்துக்கொண்டு, வாங்கி வைத்த கோடித் துணியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் மெசேஜ் வந்தது. இரண்டு பேருக்கும் தொற்று இல்லை.

எச்சில் சோதனை இருந்திருந்தால் கட்டாயம் போய்ச் சேர்ந்திருப்போம் என்று நான் சாதிக்கமாட்டேன். எந்த மாதிரியானாலும் அதைச் சோதிக்க இயந்திரமும் ஆளும் வேண்டும். அது மலைக்குக் கீழே இருந்தால் மழை எச்சிலுக்கும் மழைதான். ஆனால் ஒன்று சொல்வேன். லயத்து வாசலிலேயே கொப்பளித்துத் துப்பி, பயிற்சி பெற்ற ஆளுக்காகக் காத்திராமல், விடியற்காலை இறங்கும் முதல் ஜீப்பிலேயே குழாயை அனுப்பியிருக்கலாம். மலைமேல் ஒரு சிறிய ஆய்வுக்கூடம், மரபுப்பொருள் பிரிக்கும் செலவில்லாமல், நாகபுரி முறையில் நடத்தியிருக்கலாம். நோயைக் கண்டுபிடிக்க மட்டும் சோதனை என்றால் ஒரு நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். எல்லை தாண்ட அதுவே சீட்டு என்று ஆகிவிட்டால், அது ஏழைக்கும் நேரத்தில் கிடைக்கும்படி இருக்க வேண்டும். ஹாங்காங்கிலும் டோக்கியோவிலும் விமானத்தில் வந்தவருக்கு எளிய வழி செய்து கொடுத்தார்கள். கால்நடையாகவும் ஜீப்பிலும் எல்லை தாண்டுபவருக்கு, ஒப்புதல் கிடைத்த எளிய முறை நம் நாட்டிலேயே இருந்தும், அது மலையேறவில்லை. எனக்கு இருக்கும் குறை அதுதான்.

நாம் செய்யக்கூடியது

2023 மே 5-இல் உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. சாவடியில் யாரும் இப்போது மூக்கைக் கேட்பதில்லை. மறந்துவிடுவதுதான் மனித சுபாவம். 1957-இல் எங்கள் தோட்டங்களில் எத்தனை பேர் ஆசியக் காய்ச்சலில் படுத்தார்கள் என்று என் அப்பா தலைமுறையில் ஒருவர் எழுதி வைத்திருந்தால், எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! அதனால்தான் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வாளையாற்றிலும் வேலந்தாவளத்திலும் குமுளியிலும் போடிமெட்டிலும் அந்த இரண்டு ஆண்டுகளில் நம் குடும்பங்களுக்கு நடந்தவற்றைத் தேதியோடு கேட்டு எழுதி வையுங்கள். கல்யாணத்துக்குப் போக முடியாதவர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியாதவர்கள், கூலி இழந்த ஜீப் தொழிலாளிகள் எல்லாரும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த தொற்று வரும் நாளில், எல்லையில் எந்தச் சோதனை வைப்பது என்று அதிகாரிகள் பேசும்போது, நம் பக்கத்திலிருந்தும் ஒரு பதிவு மேசைமேல் இருக்கட்டும்.

வீட்டில் பிள்ளைகள் அறிவியல் படித்தால் இந்தக் கொப்பளித்த நீரின் கதையைச் சொல்லுங்கள். எச்சில் என்றால் முகம் சுளிக்கும் பழக்கம் அவர்களுக்காவது கொஞ்சம் குறையட்டும்.

அத்தைக்கு வாங்கிய அந்தக் கோடித் துணியைத் தம்பி யாருக்கும் கொடுக்கவில்லை. வருஷ திதிக்குப் போடி போனபோது எடுத்துக்கொண்டு போனோம். அத்தை படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அவர் மகளிடம் கொடுத்துவிட்டு வந்தோம். போகும்போது போடிமெட்டில் பஸ் நிற்கக்கூட இல்லை.